கணினிச் சொற்களை அறிவோம்

(சேர்வராயன் மலையிலுள்ள மாரமங்கலத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஆற்றிய உரை)



பட்டா நகல் பெறவும், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும் இன்று நாம் இ-சேவை மையத்தை நாடுகிறோம். பஞ்சாயத்துக் கணக்குகளோ, 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் தளத்தில் ஏற்றப்படுகின்றன. கணினியின் சொற்கள் நமக்கு விளங்காவிடில், பிறர் கூறுவதை அப்படியே நம்ப நேரிடும். ஆகவே, இன்றியமையாத சில சொற்களை மட்டும் காண்போம்.

நமது காப்பித் தோட்டத்தையே உதாரணமாகக் கொள்வோம். பழத்தைப் பறித்துக் கொணர்கிறோம்; தோல் நீக்கி, கழுவி, உலர்த்துகிறோம்; கொட்டை மூட்டையாக வெளியே செல்கிறது. கணினியும் இவ்வாறே. விசைப்பலகை வாயிலாக நாம் கொடுப்பது உள்ளீடு. அதனைக் கணக்கிட்டு ஒழுங்கு செய்யும் உறுப்பு செயலி. திரையிலோ தாளிலோ கிடைப்பது வெளியீடு. பழம் பழுதானால் கொட்டையும் பழுதே. பெயரோ சர்வே எண்ணோ தவறாக உள்ளிடப்பெற்றால், சான்றும் தவறாகவே வரும். ஆதலால், விண்ணப்பத்தை அனுப்புமுன் திரையைக் காட்டச் சொல்லி வாசித்துப் பார்த்தல் வேண்டும்.

களத்தில் உலரும் கொட்டை மழையில் நனையும். கிடங்கில் சேர்த்தது பத்திரமாக இருக்கும். தட்டச்சு செய்துகொண்டிருக்கும் விவரம் தற்காலிக நினைவகத்தில் உள்ளது. மின்சாரம் நின்றால் அழிந்துவிடக்கூடும். ‘சேமி’ என்னும் கட்டளை அதனைச் சேமிப்பகத்தில் ஒரு கோப்பாக வைக்கிறது. கோப்புகளை இனம்பிரித்து வைக்குமிடம் கோப்புறை.

நமது பட்டா விவரம் மையத்திலுள்ள கணினியில் இருப்பதன்று. அது அரசாங்கத்தின் சர்வரில், அதாவது சேவையகத்தில், உள்ளது. அங்குச் செல்லும் பாதையே இணையம். ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்றால், நமது பட்டா மறைந்துவிட்டதாகக் கலங்க வேண்டாம். பாதையோ கிடங்கின் கதவோ சற்று அடைபட்டிருக்கிறது என்பதே பொருள்.

இனிக் கூறப்போவது மிக முக்கியமானது. கடவுச்சொல் என்பது வீட்டுச் சாவி. ஓ.டி.பி. என்பது ஒரே ஒரு முறை திறக்கும் சாவி. தொலைபேசியில் எவர் கேட்டாலும், வங்கி அதிகாரி என்றே கூறினாலும், அதனைச் சொல்லலாகாது. இ-சேவை மையத்தில் நாம் நாடிய காரியத்திற்கே ஓ.டி.பி. வருமாயின், எதற்காக வந்தது என்று குறுஞ்செய்தியை முழுவதும் படித்த பின்னரே கொடுத்தல் வேண்டும். பணம் பறிபோனால், நாணிப் பேசாதிராமல், உடனே 1930 என்னும் எண்ணில் புகார் செய்தல் நலம். தாமதம் ஏமாற்றுவோருக்கே அனுகூலம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இன்னும் ஒரு சொல். மின் கையொப்பம் சட்டப்படி கையொப்பமே. அதற்குரிய சாதனத்தையும் கடவுச்சொல்லையும் பிறரிடம் ஒப்படைப்பது, எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். அது ஊரார் பணம்.

கணினி வேலையை விரைவாக்கும். சரி எது, தவறு எது என்று பார்க்கும் பொறுப்பு நம்முடையது. கேட்டறிவோம், வாசித்துப் பார்ப்போம், அதன் பின்னரே ஒப்பமிடுவோம்.