புண்ணியம் என்றால் கணக்குக் கேட்கக் கூடாதா?

(போடிநாயக்கனூர்க் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நேரம் அதிகமாகிவிட்டது. விடியுமுன் எழுந்து, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு, போடிமெட்டு ஏறும் ஜீப்புக்கு ஓட வேண்டிய தாய்மார்கள் இங்கே பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே ஒரே விஷயத்தை மாத்திரம் பேசிவிட்டு நிறுத்திக் கொள்கிறேன். முதியோர் இல்லம், காப்பகம், கருணை இல்லம் என்று பல பெயர்களால் நடக்கிற இடங்களில் வயோதிகர்களும் நோயாளிகளும் எப்படி வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் அந்த விஷயம்.

"அதெல்லாம் பணக்காரர் வீட்டுச் சங்கதி, நமக்கேன்?" என்று ஒரு தோழர் என்னைக் கேட்டார். அவருக்குச் சொல்லுகிறேன். ஏலக்காய் தேங்காயைப்போல் உயரத்தில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையோடு தரையாகக் காய்க்கிறது. அதை எடுப்பவள் நாள் முழுவதும் குனிந்தோ, குத்துக்காலிட்டோதான் எடுக்க வேண்டும். சரிவு, மழை, அட்டை. போதாக்குறைக்கு மருந்தடித்த செடி. முப்பது வருஷம் இப்படிக் காய் எடுத்தவளுக்கு முழங்கால் என்ன ஆகும்? முழங்கால் போன மறுநாள் ஜீப் அவள் தெரு முனையில் நிற்பதில்லை. அவள் எடுத்த காய்க்கு இந்த ஊர் ஏலத்தில் தரம் உண்டு, விலை உண்டு. அவளுக்கு என்ன தரம், என்ன விலை? 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் என்றெல்லாம் எழுதிற்று. எழுதியதெல்லாம் வேலை பார்க்கிறவளுக்கு. வேலை ஓய்ந்து படுத்தவளுக்கு அதில் ஒரு பாய்கூட எழுதவில்லை.

மகன் திருப்பூருக்கும் மகள் மலைக்கும் கூலிக்குப் போய்விட்டால், படுத்துவிட்ட கிழவிக்குத் தண்ணீர் கொடுப்பது யார்? இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் ஒரு பழைய பதில் இருந்தது. தலைக்கு ஊற்றுதல் என்று அதற்குப் பெயர். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து "வழியனுப்பி" வைப்பது. 2010-ல் விருதுநகர் ஜில்லாவில் இது பத்திரிகைகளில் வெளியாகிச் சந்தி சிரித்தது. மதுரை, தேனிப் பக்கத்தில் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை. கொலைக்குச் சடங்கு என்று பெயர்! அதற்கப்புறம் பதினாறாம் நாள் காரியம், வருஷத்துக்கொரு படையல்! இருக்கும்போது கஞ்சிக்கு வழியில்லாதவளுக்குச் செத்த பிறகு வடையும் பாயசமும்!

ஆகவே ஒருவர் காப்பகம் திறக்கிறார் என்றால் நாம் சந்தோஷப்படுவது நியாயந்தான். நானும் சந்தோஷப்பட்டவனே. அதில் நான் பட்ட வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என் தாய் போன பிறகு என்னை வளர்த்தவர் என் சின்னம்மாள். அவரும் காய் எடுத்தவர்தான். இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டேன். ஊர்ப் பெயரும் விடுதிப் பெயரும் இப்போது வேண்டாம். "தர்மத்துக்கு நடத்துகிறார்கள்" என்று சொன்னார்கள். முன்கூடத்தில் வெள்ளை விரிப்பு, சுவரில் சாமி படங்கள், ஊதுபத்தி. ஒரு மூட்டை அரிசி கொடுத்தேன். திரும்பி வரும்போது என் மனசு எவ்வளவு லேசாக இருந்தது, தெரியுமா? மேடைக்கு மேடை "புண்ணியம் என்று ஒன்று கிடையாது" என்று பேசுகிறவன், அரிசி மூட்டையை இறக்கினதும் புண்ணியம் தேடிக்கொண்டவனைப் போலவே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மூன்று மாதம் எட்டிப் பார்க்கவில்லை. கூட்டங்கள் இருந்தன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் சொல்லாமல் போனேன். அவர் முன்கூடத்தில் இல்லை, பின்கட்டில் கிடந்தார். கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. முதுகுத் தண்டின் அடியில் என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்னைப் பார்த்து என் தகப்பனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்றாள் அங்கே வேலை செய்த பெண். அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இருபது படுக்கைக்கு மேல் இருந்த இடத்தில் ராத்திரிக்கு அவள் ஒருத்திதான். சாயங்காலம் 5 மணிக்கு மேல் யாருக்கும் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது அங்கே உத்தரவாம். கொடுத்தால் படுக்கை நனையும். நனைந்தால் மாற்ற ஆள் வேண்டுமே!

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். வீட்டில் படுத்தவர்கள் இருந்தால் கவனித்துக் கேளுங்கள். படுக்கைப் புண் வயசால் வருவதல்ல. ஒரே பக்கம் அழுந்திக் கிடக்கிற சதைக்கு இரத்தம் ஓடாமல் அது செத்துப்போவதால் வருவது. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பிலும் குதிகாலிலும் தோல் நிறம் மாறி, விரலால் அழுத்தினாலும் அந்த நிறம் மறையாவிட்டால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். குடிக்கும் தண்ணீர் குறைந்தால் மூத்திரத்தில் கிருமி சேரும், ஜுரம் வரும். வயதானவர்களுக்கு அதனாலேயே புத்தியும் தடுமாறும். அதை "விதி" என்று சொல்லிவிடுகிறோம். தண்ணீரும் மருந்தும் ஏறின நாலாம் நாள் சின்னம்மாள் என்னை என் பெயர் சொல்லியே கூப்பிட்டார். "ஏப்பா, இம்புட்டு நாளா ஏன் வரல?" என்று கேட்டார். ஊரெல்லாம் பேசுகிற எனக்கு அன்றைக்கு வாய் எழவில்லை.

விடுதிக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நாங்கள் தர்மத்துக்குச் செய்கிறோம். குறை சொல்லுகிறவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே." தோழர்களே, எல்லா வியாதியும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. மளிகைக் கடையில் நிறை குறைந்தால் கேட்கிறோம். ஏலக்காயை நகத்தால் கீறி, முகர்ந்து, ஈரம் பார்த்து வாங்குகிறோம். தர்மம் என்று ஒருவன் சொல்லிவிட்டால் மாத்திரம் நம் வாய் அடைத்துப் போகிறது.

வாய் அடைத்துப் போனதற்கு நாம் கொடுத்த விலையைக் கேளுங்கள். ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தர்காவை அண்டி மனநோயாளிகளை வைக்கும் விடுதிகள் பல இருந்தன. கனவில் உத்தரவு வரும் வரையில் அங்கே காத்திருக்க வேண்டும் என்று நம்பிக்கை. காத்திருந்தவர்கள் சங்கிலியில் காத்திருந்தார்கள். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை ஒரு விடுதியின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவன் எங்கே ஓடுவான்? 28 பேர் மாண்டார்கள். உத்தரவு கனவிலும் வரவில்லை, நெருப்பிலும் வரவில்லை. ஒரே வாரத்தில், 13-ந் தேதி, அப்படிப்பட்ட விடுதிகளைச் சர்க்கார் மூடி, 500 பேருக்கு மேல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 28 பேர் எரியுமுன் அந்த 500 பேர் யார் கண்ணுக்கும் படவில்லையா? மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்தது.

இதை முஸ்லிம்கள் சங்கதி என்று யாரும் சிரிக்க வேண்டாம். அங்கே நோயாளிகளைக் கொண்டுபோய் விட்டவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் ஜில்லா பாலேஸ்வரத்தில், கிறிஸ்தவர் நடத்திய கருணை இல்லத்து வண்டியில் ஒரு பிணமும் உயிருள்ள முதியவர்களும் ஒன்றாகப் போனது பிடிபட்டது. அதிகாரிகள் உள்ளே புகுந்து பார்த்து, அங்கிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். நடத்தியவர்கள் தாங்கள் தப்பேதும் செய்யவில்லை என்றார்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் ஜில்லா குண்டலப்புலியூர் ஆசிரமம். அது எப்படி வெளியே வந்தது என்பதுதான் முக்கியம். அங்கே விடப்பட்ட ஒரு முதியவரை அவருடைய மனிதர்கள் தேடி வந்தார்கள், ஆளைக் காணோம். ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். அப்புறந்தான் அதிகாரிகள் உள்ளே போனார்கள். அனுமதியில்லாமல் நடந்த அந்த இடத்திலிருந்து 100 பேருக்கு மேல் மீட்டார்கள். தேடி வர ஆள் இல்லாதிருந்தால்? இப்படிப்பட்ட வாசல்களில் பிறந்த நாளுக்குச் சோறு போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவராவது பின்கட்டைப் பார்த்ததுண்டா?

பணம் வாங்கி நடத்தினால் ஒழுங்காயிருக்கும் என்று சிலர் சொல்லுவார்கள். ஸ்பெயின் தேசத்தில் 2020 மார்ச்சில், கொரோனாக் காலத்தில், கிருமி நாசினி தெளிக்கப் போன ராணுவத்தார் சில முதியோர் விடுதிகளில் கேட்பாரற்றுக் கிடந்தவர்களையும், படுக்கையிலேயே செத்துக் கிடந்தவர்களையும் கண்டதாக அந்த நாட்டு ராணுவ மந்திரியே சொன்னார். கேட்க ஆள் இல்லாத இடத்தில் சாமியும் ஒன்றுதான், காசும் ஒன்றுதான்.

சட்டம் இல்லாமலில்லை. 2007-ல் வந்த பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் ஜில்லாவுக்கு ஒரு இல்லம், குறைந்தது 150 ஏழை முதியோருக்கு இடமுள்ளதாகச் சர்க்கார் வைக்கலாம் என்கிறது. "வைக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வரி கட்டலாம் என்று எந்தச் சட்டமாவது சொல்லுகிறதா? ஆனால் முதியவரைக் கைவிட்டுப் போகிற மகனுக்கு 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று மாத்திரம் அதே சட்டம் உறுதியாகச் சொல்லுகிறது. முதியோர் கஷ்டத்தைச் சொல்ல 14567 என்று ஒரு டெலிபோன் எண்ணும் இருக்கிறது, காசு செலவில்லை. குறித்துக் கொள்ளுங்கள்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் அவர்கள் மூடிவிடுவார்கள், கிழவிகள் தெருவில் அல்லவா நிற்பார்கள்?" நியாயமான கேள்வி. மூடு என்று சொல்ல நான் வரவில்லை. ராத்திரிக்கு இன்னொரு ஆள் வை என்று சொல்லத்தான் வந்தேன். சின்னம்மாள் இப்போது என் வீட்டில் இருக்கிறார். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று நானும் என் மனைவியும் மாற்றி மாற்றி எழுகிறோம். ஒருவரைப் புரட்டவே எங்களுக்குக் கண் எரிகிறது. இருபது பேரை ஒருத்தி எப்படிப் புரட்டுவாள்? சம்பளத்துக்குப் பணமில்லை என்றால் கணக்கைக் காட்டட்டும். அரிசி மூட்டைக்குப் பதில் ஒரு ஆளின் சம்பளத்தைக் கொடுப்போம். அதற்கு எந்தக் கல்வெட்டிலும் பெயர் போட மாட்டார்கள். அதனால்தான் யாரும் கொடுப்பதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் இல்லம் ஒன்றுக்குப் போகிறோம். சாயங்காலம் 6 மணிக்கு மேல்தான். முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை. பின்கட்டைப் பார்க்க வேண்டும், ராத்திரிக்கு எத்தனை பேர் என்று கேட்க வேண்டும், எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஜீப்பில் பத்துப் பேருக்குத்தான் இடமிருக்கிறது. பெண்கள் ஐந்து பேராவது வர வேண்டும். கிழவிகள் புண்ணை ஆண்களிடம் காட்ட மாட்டார்கள். வருகிறவர்கள் இப்போதே தலைவரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.