கிருமியின் அடையாளக் குறி



பார்சல் மூட்டையின் மேலுள்ள குறியைக் கண்டால், அது எந்த ஸ்டேஷனில் ஏற்றப்பட்டது என்று ரயில்வே குமாஸ்தாக்களாகிய நாங்கள் கூறிவிடுவோம். நோய்க் கிருமிக்கும் அத்தகைய குறி உண்டு; அதுவே அதன் மரபணு.

2017-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் லிஸ்டீரியா என்னும் கிருமியால் பலர் நோயுற்றனர். ஊர்கள் வேறு, ஆஸ்பத்திரிகளும் வேறு. ஆயினும் நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளின் மரபணுவை முழுவதும் படித்து ஒப்பிட்டபோது, பத்தில் ஏறத்தாழ ஒன்பது ஒரே வகையினவாக இருந்தன. ஆகவே, நோய் பரவிய உணவும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அது எது?

2018 ஜனவரியில் சொவெட்டோவின் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சிறுவர் சிலர் நோயுற்றனர். அங்கே குளிர்ப்பெட்டியில் இருந்த ‘போலோனி’ என்னும் பக்குவப்படுத்திய இறைச்சியை அதிகாரிகள் சோதித்தனர். அதே குறி! அதைத் தொடர்ந்து போலோக்வானே நகரத் தொழிற்சாலை வரை சென்றனர். மார்ச் 4-இல் சரக்கைத் திரும்பப் பெற ஆணை பிறந்தது. அந்நோயால் பீடிக்கப்பட்டோர் 1,060 பேர். அவர்களில் மாண்டோர் 216 பேர்.

முன்னொரு முறை நமது சங்க விருந்துக்குப் பின் சிலர் நோயுற்றபோது நாம் செய்ததென்ன? மீந்ததைக் கொட்டினோம், சமையற்காரரைப் பழித்தோம். சான்று சாக்கடையில் போயிற்று. பழி மட்டும் அவரிடம் தங்கிற்று. இனி அவ்வாறு நேர்ந்தால் கூச்சமின்றி டாக்டரிடம் உரைப்போம். மீந்ததில் சிறிது மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சுகாதார அதிகாரியிடம் ஒப்படைப்போம்.

குறி பாராமல் எவர் மீதும் பழியை ஏற்றலாகாது.