நாட்டின் பெயர் யார் கையில்?



இணையம் பற்றிப் பாடம் நடத்தும்போது, 'டாட் இன்' என்றால் இந்தியா, 'டாட் எல்கே' என்றால் இலங்கை என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். "அந்த இரண்டு எழுத்தை ஒருவரிடமிருந்து பிடுங்கி வேறொருவரிடம் கொடுக்க முடியுமா சார்? யார் கொடுப்பார்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எந்த நாட்டுக்கு எந்த எழுத்து என்பதற்கு, பொதுவாக ஐ.எஸ்.ஓ. 3166 என்ற பன்னாட்டுப் பட்டியலே ஆதாரம். எது நாடு, எது நாடில்லை என்ற வம்புக்கே போகவேண்டாம் என்பது ஜான் போஸ்டல் போன்ற முன்னோடிகளின் முடிவு. 1994இல் அவர் எழுதிய விதிக்குறிப்பில் இன்னொரு கருத்தும் உண்டு. களப்பெயரை நடத்துபவர் அதற்கு உரிமையாளர் அல்லர், அறங்காவலர். கோயில் நிலத்துக்குத் தர்மகர்த்தா போல என்று நான் விளக்குவது வழக்கம். நடத்தலாம், விற்க முடியாது.

சரி, தர்மகர்த்தாவை மாற்றுவது யார்? சிக்கல் இங்கேதான். எந்தக் களப்பெயரை யார் நடத்துகிறார் என்று கணினிகளுக்கு வழிகாட்டும் தலைமைப் பதிவேட்டுக்கு 'வேர்' என்று பெயர். அதில் மாற்றங்களைப் பரிசீலிக்கும் பொறுப்பு, கலிஃபோர்னியாவில் பதிவான ஐகேன் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனத்திடம் இருக்கிறது. 2016 செப்டம்பர் முடியும்வரை அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதலும் தேவைப்பட்டது. அதாவது நாடு ஓரிடம், அதன் பெயர் எழுதிய ஏடு வேறிடம். 2002இல் 'டாட் இசட்ஏ'வைப் புதிய அமைப்பின்கீழ் கொண்டுவரத் தென்னாப்பிரிக்க அரசு சட்டம் கொண்டுவந்தபோது, அதை அப்போது நடத்திவந்தவர் மூலக்கோப்பை நாட்டுக்கு வெளியே நகர்த்திவிட்டார்! பின்னர்தான் பொறுப்பு அந்த அமைப்பிடம் வந்தது.

இதைவிடக் கடினமான வழக்கு ஒன்று 2014இல் வாஷிங்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. குண்டுவெடிப்பு போன்ற பயங்கரவாதத் தாக்குதல்களில் பாதிக்கப்பட்டோரும் அவர்களது குடும்பத்தினரும் ஈரான் முதலிய அரசுகளுக்கு எதிராகப் பெருந்தொகை இழப்பீட்டுத் தீர்ப்பு பெற்றிருந்தார்கள். பணம் வரவில்லை. ஆகவே ஈரானின் 'டாட் ஐஆர்', சிரியாவின் 'டாட் எஸ்ஒய்', வடகொரியாவின் 'டாட் கேபி' ஆகியவற்றை ஜப்தி செய்து தங்களிடம் தரவேண்டும் என்று ஐகேனுக்கு எதிராகக் கேட்டார்கள். அவர்களது துயரம் உண்மையானது. அதை யாரும் மறுக்கவில்லை.

உள்ளூர்ச் சட்டப்படி இவை ஜப்தி செய்யத்தக்க சொத்தல்ல என்றது கீழ்நீதிமன்றம். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஜப்தியை மறுத்தது. ஆனால் காரணம் வேறு. சொத்து என்றே வைத்துக்கொண்டாலும், பொறுப்பை வலிந்து மாற்றினால் அந்தப் பெயரின்கீழ் முகவரி வாங்கியிருக்கும் மூன்றாம் தரப்பினர் பாதிக்கப்படுவார்கள் என்றது. சற்று யோசித்துப் பாருங்கள். 'டாட் ஐஆர்' அரசுக்கு மட்டுமா முகவரி? தெஹ்ரானில் கடை வைத்திருப்பவருக்கும் அதுதான் முகவரி. தவிர, ஒரு நாட்டு நீதிமன்றம் இப்படி எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால், மற்ற நாடுகள் இந்தப் பதிவேட்டை நம்பாமல் தனித்தனி ஏடு எழுதத் தொடங்கலாம் என்ற அச்சமும் இருந்தது. அமெரிக்க அரசே ஐகேன் பக்கம் நின்று வாதிட்டது. தீர்ப்பு விவேகமானது என்றே நினைக்கிறேன். ஆனால் களப்பெயர் சொத்தா இல்லையா என்ற கேள்வியை மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்க்கவில்லை. பிள்ளைகளிடம் அதையும் மறைக்காமல் சொல்லலாம்.

2022இல் போர் தொடங்கிய சில நாட்களில் ரஷ்யாவின் 'டாட் ஆர்யு'வை நீக்கும்படி உக்ரைன் கேட்டது. தண்டனை கொடுப்பது தன் வேலையல்ல என்ற நிலையில் நின்று ஐகேன் மறுத்தது. இதை வகுப்பில் விவாதத்துக்கு வைத்தால் ஒரு பாடவேளை போதாது.

தமிழ் எழுத்திலேயே மூன்று நாட்டுக் களப்பெயர்கள் உண்டு: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர். ஐகேனின் ஐயானா பிரிவு வைத்திருக்கும் பதிவேடு எவரும் பார்க்கக்கூடியது. கணினி அறையில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, இம்மூன்றையும் யார் நடத்துகிறார்கள் என்று தேடி எழுதி வரச் சொல்லுங்கள்.