மலையமான் காசும் சேர்ப்போர் கடனும்



கவிஞர் கூடிய அவையில் காசைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. புலமைக்கும் பொருளுக்கும் என்றும் சேய்மை என்பது உலக வழக்கு. ஆயினும் திருக்கோவலூரைத் தன் எல்லைக்குள் கொண்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அவ்வையம் நெடிது நில்லாது. கபிலர் பாடிய மலையமான் திருமுடிக்காரியின் ஊர் அது. பாரி மகளை மலையர் குடியில் ஒப்படைத்தபின் கபிலர் தீப்புகுந்தார் என்னும் செய்தியை அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. பெண்ணையாற்றில் நிற்கும் கபிலர் குன்று அந்நினைவை இன்றும் தாங்குகிறது. பாட்டும் கல்லும் பேசிய அக்குடிக்கு மூன்றாவது சான்றாக வந்தது ஒரு சிறு செப்புக்காசு.

அக்காசின் ஒரு புறம் குதிரை நிற்கும். மறுபுறம் வளைந்தோடும் ஆறும், அதில் நீந்தும் மீனும், குன்றும் காணப்படும். பெரும்பாலானவற்றில் எழுத்து இல்லை. தேய்ந்து கறுத்த இத்தகைய காசுகளை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. செம்பின் எடைக்கு உருக்குலைக்குப் போனவை எத்தனை என்று எண்ணிச் சொல்ல இயலாது. 'தினமலர்' ஆசிரியராக விளங்கி 2021-இல் மறைந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி, இக்காசுகள் கோவலூர்ப் பகுதியில் கிடைப்பதையும், காரியின் குதிரையும் பெண்ணையாறும் பாடல்களிற் புகழ்பெற்றிருப்பதையும் இணைத்து நோக்கி, இவை மலையமான்கள் வெளியிட்டவை என நிறுவினார். அவற்றுக்கெனத் தனி நூலும் எழுதினார். 'பெருவழுதி' என்னும் பெயர் பொறித்த பாண்டியர் காசினை 1980-களில் உலகறியச் செய்தவரும் அவரே.

இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. அக்காசில் இருந்த செம்பு கூடவில்லை. அதன் வயதும் ஒரே நாளில் ஏறிவிடவில்லை. எடைக்கு விற்ற பொருள் வரலாற்றுச் சான்றாக உயர்ந்ததற்குக் காரணம், அஃது எங்கே கிடைத்தது என்னும் செய்தி அழியாமல் இருந்தமையும், அதைப் படிக்கத் தெரிந்த கண் ஒன்று இருந்தமையுமே ஆகும். காலம் செல்லச் செல்ல மதிப்பு உயரும் காசுத் தொகுப்பை உருவாக்க விழைவோர் முதலிற் கொள்ள வேண்டிய பாடம் இதுவே.

பழங்காசு எல்லாம் விலையேறிய காசு என்பது பலரும் கொண்டுள்ள எண்ணம். உண்மை வேறு. முதலாம் இராசராசன் பெயர் நாகரி எழுத்திற் பொறித்த செப்புக்காசுகள் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையன. ஆயினும் அவை மிகுதியாக அச்சிடப்பெற்றமையால் எளிய நிலையில் உள்ளவை சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. மாறாக, நூறாண்டு அளவே பழமையுடைய ஒரு வெள்ளி ரூபாய் அதனினும் அரிதாகலாம். 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னர் அணிந்த பதக்க மாலையின் யானை பன்றியைப் போல் தோன்றுகிறது என மக்கள் வெறுப்புற்றனர். அரசு அதனைத் திரும்பப் பெற்று உருக்கியது. அடுத்த ஆண்டு உருவம் திருத்தப்பெற்றது. உருக்குலைக்குத் தப்பியவை இன்று தேடப்படுகின்றன. 1939-ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயோ அதனினும் அரிது. அதனாலேயே அதற்குப் போலிகளும் மிகுதி.

ஆகவே காசின் விலையை உறுதி செய்வன நான்கு: அருமை, தேய்வுறாத நிலை, வேண்டுவோர் தொகை, கிடைத்த வரலாறு. இவற்றுள் உலோக விலை கடைசித் துணையே. 1939 வரை வந்த வெள்ளி ரூபாயில் 12-இல் 11 பங்கு வெள்ளி இருந்தது. 1940 முதல் அது பாதியாயிற்று. 1947-இல் நிக்கல் வந்தது. இந்த மூன்று செய்தியை மட்டும் அறிந்தவரும் தம் வீட்டுப் பெட்டியில் இருப்பதை உருக்கக் கொடுக்குமுன் ஒரு முறை எண்ணிப் பார்ப்பர்.

தொகுப்பைத் தொடங்குவோர் எல்லாவற்றையும் சேர்க்க முற்படின் குவியல் சேருமேயன்றித் தொகுப்பு சேராது. ஓர் எல்லை வேண்டும். 1957 ஏப்ரல் 1 முதல் வந்த நயா பைசா வரிசை ஓர் எல்லை. ஆண்டின் கீழுள்ள அச்சக அடையாளங்கள் மற்றோர் எல்லை: மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு விண்மீன், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு அடையாளம் இல்லை. தமிழன்பர்க்கு இனியதொரு தொடக்கம், 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வெளிவந்த திருவள்ளுவர் நாணயங்கள். இவை பெருஞ்செலவு வேண்டாதவை, கண்ணைப் பழக்குபவை. கண் பழகியபின் அரியவற்றை நாடுதலே முறை.

வாங்கியபின் செய்யும் பிழைகளுள் கொடியது துலக்குதல். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்யும் வழக்கம் குத்துவிளக்குக்கு நன்று, காசுக்குக் கேடு. செம்பின்மேல் காலம் படியவிட்ட மெல்லிய படிவே அதன் தோல். அதை உரித்தால் எழுத்தும் உருவமும் மங்கும். விலையும் பாதிக்குக் கீழே போகும். காசை விளிம்பிற் பிடித்தலும், ஈரம் படாத இடத்தில் தனித்தனி உறையில் இடுதலும், மலிவான மென்பிளாஸ்டிக் உறைகளைத் தவிர்த்தலும் போதிய காவலாகும். அவ்வுறைகள் நாளடைவில் பசைபோற் கசிந்து காசைப் பச்சையாக்கும்.

சட்டத்தின் எல்லையும் அறியத்தக்கது. மண்ணுக்கடியிற் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமையின்றி அதனை வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். பழைய ஐந்து ரூபாய்க்கு இலட்சம் தருவதாகக் கூறி முன்பணம் கேட்போர் பெருகியமையால், தன் பெயரைச் சொல்லி ஏய்ப்போரை நம்பவேண்டா என 2021-இல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்க நேர்ந்தது. விரைந்து பெருக வேண்டும் என்னும் ஆசையே ஏமாற்றத்தின் வாயில்.

மீண்டும் இம்மாவட்டத்திற்கு வருவோமாயின், கோவலூர் ஆற்றங்கரைக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. வெள்ளிமலையிலோ அதனை அடுத்த சிற்றூரிலோ ஒரு மலையாளிக் குடும்பம் காத்துவரும் விக்டோரியா ரூபாய், சந்தையில் மற்றெந்த விக்டோரியா ரூபாயோடும் ஒன்றே. ஆயினும் அது வரியாகக் கொடுக்க வைத்ததா, கூலியாக வந்ததா, மணச் சீராகப் பெற்றதா என்னும் செய்தி அவ்வீட்டு முதியோர் நாவில் மட்டுமே உள்ளது. அவரிடம் குறைந்த விலை பேசிக் காசைக் கைப்பற்றிச் செல்வோர் உலோகத்தைப் பெறுகின்றனர்; அதன் வரலாற்றை மலையிலேயே விட்டுச் செல்கின்றனர். அம்முதியோர் மறைந்தால் அச்செய்தியைப் பெற வேறு வாயில் இல்லை. காசு அவ்வீட்டிலேயே இருக்க, செய்தியை மட்டும் எழுதிக்கொண்டு வருபவரும் சேர்ப்பவரே.

திருச்சிராப்பள்ளி வழக்கறிஞர் தி. தேசிகாச்சாரி தாம் திரட்டியறிந்தவற்றை 1933-இல் தென்னிந்தியக் காசுகள் பற்றிய நூலாக்கினார். அந்நூலை ஆய்வாளர் இன்றும் எடுத்தாள்கின்றனர். எழுதப்பெற்ற தொகுப்பு உடையவர் காலத்துக்குப் பின்னும் வாழும். எழுதப்பெறாத தொகுப்பு மக்களிடையே பங்கிடப்பெற்றுச் சிதறும். ஆதலால் சேர்ப்போர்க்கு முதற்கருவி உருப்பெருக்கியன்று, ஒரு குறிப்பேடே. எடை, அளவு, இரு புறத்து உருவம், கிடைத்த ஊர், கொடுத்தவர் சொன்ன செய்தி, பெற்ற நாள், கொடுத்த விலை என ஏழு செய்திகள் ஒரு காசுக்குப் போதும். சொல்லை எடைபோட்டு வைக்கப் பழகிய கவிஞர்க்கு அது கடினமான வேலையன்று.

குதிரை பொறித்த அச்சிறு செப்பு, கோவலூரிற் கிடைத்தது என்னும் ஒரு குறிப்பால் உருக்குலைக்குத் தப்பிக் காரியின் குடிக்குச் சான்றாயிற்று. அத்தகைய ஒரு வரிக்காகக் காத்திருக்கும் காசுகள் இம்மாவட்டத்து வீடுகளில் இன்னும் இருத்தல் கூடும்.