புது நகரில் யாருக்குத் திருப்தி?

(பெரம்பலூர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



1995-இல் திருச்சி ஜில்லாவிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது முதல், இவ்வூரைச் சுற்றியுள்ள காடுகளெல்லாம் நகர்களாகி வருகின்றன. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைந்த இடத்தில் கல் நட்டு, மனை பிரித்து, பெயர்ப்பலகை வைத்துவிடுகிறார்கள். வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் பக்கத்துக் கிராமத்தார் உத்தியோகத்திற்காகவும் பிள்ளைகள் படிப்பிற்காகவும் வந்து குடியேறுகிறார்கள். இது நல்ல காரியமேயாகும். கிராமமே நாட்டின் பெருமை என்று பேசினவர்களை டாக்டர் அம்பேத்கர் 1948-இல் அரசியல் நிர்ணய சபையிலேயே கண்டித்திருக்கிறார்.

இப்படிக் குடியேறினவர்களை, “இடம் திருப்தியா? இங்கேயே இருப்பீர்களா, வேறிடம் போவீர்களா?” என்று கேட்டால், தண்ணீர் வரவில்லை, சாக்கடை இல்லை, விளக்கு எரியவில்லை, பஸ் நிற்பதில்லை என்கிறார்கள். இவை நியாயமான குறைகள்; கேட்டு வாங்க வேண்டியவை. ஆனால், அந்த நகரில் பதில் சொல்வதற்கு யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை நாம் கேட்கிறோமா?

வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவனிடம் முதலில் ஊர் எது என்கிறார்கள், பிறகு தெரு எது என்கிறார்கள், பிறகு, “நீங்கள் சைவமா?” என்கிறார்கள். இது சமையலைப் பற்றிய கேள்வியா? ஜாதியைப் பற்றிய கேள்வியல்லவா? ஜாதி தெரிந்தவுடன், “நேற்றே வேறொருவருக்குப் பேசியாய்விட்டது” என்று பதில் வருகிறது. இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவன் அந்நகரின் கணக்கிலேயே வருவதில்லை. உள்ளே இருப்பவர்களோ, “நல்ல இடம், எல்லாம் நம்மவர்கள்” என்று திருப்திப்படுகிறார்கள். ஈசானிய மூலையில் சாக்கடை வரக்கூடாதென்று வாஸ்து பார்த்துப் பதறுகிறவர்கள், தங்கள் மனதிலுள்ள சாக்கடையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இந்த அக்கிரமம் இந்நாட்டில் மட்டுமல்ல. அமெரிக்காவில் லெவிட் என்பவர் லெவிட்டவுன் என்ற புறநகர்களைக் கட்டி, வெள்ளையருக்கு மாத்திரமே வீடு விற்றார். 1957-இல் பென்சில்வேனியா லெவிட்டவுனில், மையர்ஸ் என்ற நீக்ரோக் குடும்பத்தார் ஒரு வெள்ளையரிடமிருந்து வீடு வாங்கிக் குடிவந்தார்கள். பல நாள் கும்பல் கூடிக் கூச்சலிட்டது. கல்லெறிந்து ஜன்னலை உடைத்தது. அவர்கள் பயந்து ஓடிவிடவில்லை. அந்நாட்டிலாவது 1968-இல் வீட்டு விஷயத்தில் நிறபேதம் கூடாதென்று சட்டம் வந்தது. இங்கோ, ஆமதாபாத்தில் ஒரு பார்சி வீட்டுச் சங்கம் தங்கள் மதத்தாருக்கே இடம் என்று வைத்த விதி செல்லும் என்று 2005-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிற்று!

நிற்க. வேறு வழியில் ஊர் கட்ட முடியாதா என்றால், முடியும். 1997-இல் தமிழ்நாடு சர்க்கார் பெரியார் நினைவு சமத்துவபுரம் என்ற திட்டத்தை ஆரம்பித்தது. முதலாவது, மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் 1998-இல் திறக்கப்பட்டது. நூறு வீட்டில் தாழ்த்தப்பட்டவருக்கு 40, பிற்பட்டவருக்கு 25, மிகவும் பிற்பட்டவருக்கு 25, மற்றவருக்கு 10. தெருவுக்கொரு ஜாதி என்பது அங்கில்லை. குழாயும் பள்ளிக்கூடமும் பொது. சர்க்கார் மாறியபோது திட்டம் நின்றது. வீடுகள் பல பழுதாயின. ஆனாலும், இன்னார் பக்கத்தில் இன்னார் குடியிருக்க முடியாது என்ற பொய் அங்கே உடைந்தது அல்லவா?

புது நகரைவிட்டுப் போக நினைப்பவர்கள் இருவகையினர். பக்கத்து வீட்டுக்காரன் ஜாதி பிடிக்காமல் போகிறவன் ஒருவன். அவன் தாராளமாகப் போகட்டும்! அவமானம் தாங்காமல் போகிறவன் இன்னொருவன். அவன் போனால் அந்த வெட்கம் நம் எல்லோருக்கும் உரியது. ஏனெனில், அவனுக்குத் திரும்பிப் போக இருப்பது பழைய சேரிதான்.

ஆகவே தோழர்களே! உங்களில் வீடு வைத்திருப்பவர்கள் வாடகை எவ்வளவென்று பேசுங்கள், ஜாதியைக் கேட்காதீர்கள். மனை விற்பவர்கள் பணத்தைப் பார்த்து விற்கட்டும். பிறப்பைப் பார்க்க வேண்டாம். நகர் நலச் சங்கம் வைத்திருப்பவர்கள், யாரையும் இந்தக் காரணத்திற்காகத் திருப்பி அனுப்புவதில்லையென்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். கிராமத்தைவிட்டு மூட்டை கட்டி வந்த நீங்கள், ஜாதியையும் அந்த மூட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தால், இடம் மாறி என்ன பிரயோஜனம்?