துடைத்த பிறகும் தங்கும் ரசாயனம்

எட்டு வயதுச் சிறுமி. வாயைச் சுற்றியும் பின்புறத்திலும் தடிப்பு. மருந்துகள் கொடுத்தும் முழுதாகத் தீரவில்லை.

கடைசியில் பிடிபட்டது, அவளைத் துடைத்துவிட்ட பேபி வைப்ஸ். அது கெடாமலிருக்கச் சேர்த்த மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற ரசாயனம் அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இப்படி ஆறு குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவின் கனெக்டிகட் தோல் மருத்துவர்கள் 2014-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதினார்கள். வைப்ஸை நிறுத்தியதும் தோல் தேறிவிட்டது!

எப்போதும் நனைந்தே இருக்கும் துணியில் பூஞ்சை பிடிக்கும். அதைத் தடுக்க ஏதோ ஒன்று வேண்டும்தான். ஆனால் சோப்பைப்போல இதை யாரும் கழுவுவதில்லை. துடைத்த கையோடு டயபரை மாட்டிவிடுகிறோம். உள்ளே ஈரமும் சூடும், அதோடு இந்த ரசாயனமும். பச்சைப்பிள்ளையின் தோல் பாவம், எத்தனையைத் தாங்கும்?

கழுவாமல் விடும் அழகுப் பொருட்களில் இந்த ரசாயனத்தைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 பிப்ரவரியில் தடை போட்டது. வைப்ஸும் அந்த வகைதான்.

உறையின் முன்பக்கத்தில் 'மென்மையானது' என்று இருக்கும். ரசாயனத்தின் பெயரோ பின்பக்கப் பொடி எழுத்தில். வாங்கும்போது அதைப் படியுங்கள். வீட்டிலிருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியுமே போதும்; துடைத்தபின் சற்றே காற்றாட விட்டு, அப்புறம் டயபர் மாட்டலாம்.