வண்டியின் விலையும் மதிப்பும்

2020ஆம் ஆண்டில் இலங்கையில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அன்றுதொட்டு என்னைக் காண்போர் பலரும் கேட்கும் கேள்வி, "எந்தக் கார் வாங்கலாம்?" என்பதே. மோட்டார் வண்டிகளின்மேல் எனக்குள்ள பித்து ஊரறிந்தது. ஆதலால் உடனே விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். நானோ, "பழுதுபட்டால் எங்கே கொண்டுபோவீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறேன். வாங்குமுன்பே பழுதைப் பற்றிப் பேசுவது சிலருக்கு அபசகுனமாகத் தோன்றுகிறது. ஆனால் ஒரு வண்டியின் விலையை விற்பவரே சொல்லிவிடுவார். அதன் மதிப்பை அறிய இக்கேள்வியைக் கேட்டேயாக வேண்டும். இதனை ஒரு பழைய வண்டியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அவ்வண்டி மொறிஸ் மைனர். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். வேலை ஏறக்குறைய முடிந்த நிலையில், வண்டி ஒடுங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நெடுக்கே இரண்டாகப் பிளக்கச் செய்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கிப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியபோது கண்ணுக்குப் பொருத்தமாக அமைந்தது. மைனரின் மூடியில் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமேயாகும். இம்மாற்றம் அழகை மட்டும் தரவில்லை. உள்ளே இருப்போருக்கு இடம் கிடைத்தது. வளைவுகளில் வண்டி தரையை நன்கு பற்றியது.

நிறுவனத்தின் தலைவரான நஃபீல்ட் பிரபுவுக்கோ வண்டி பிடிக்கவில்லை. ஓடு நீக்கி வெந்நீரில் அவித்த முட்டையைப் போல் இருக்கிறது என்று எள்ளினார். ஆயினும் 1960ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் மைனர்கள் செய்யப்பட்டன. பிரித்தானியக் கார்களுள் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே.

மூடியைத் திறந்து பார்த்தால் இவ்வண்டியின் பெருமை விளங்கும். இயந்திரம் நடுவே நிற்கிறது. இருபுறமும் கை நுழைய இடமிருக்கிறது. எப்பகுதி என்ன செய்கிறது என்பதைக் கண்ணாலேயே தொடரலாம். சாதாரண சாவிகளும் சிறிது பொறுமையும் உடையவர் அதன் பெரும்பாலான குறைகளைத் தீர்த்துவிடலாம். பழுதுபார்ப்பவனும் ஒரு மனிதன் என்பதை மறவாதவர் செய்த வண்டி அது.

இதே இசிகோனிஸ் 1959ஆம் ஆண்டில் மினி என்னும் சிறு காரை ஆக்கினார். இயந்திரத்தைக் குறுக்காக வைத்து, கியர்ப்பெட்டியை அதன் கீழே அடக்கி, பத்து அடி நீளத்துக்குள் நால்வருக்கு இடம் தந்தார். குறுக்கே கிடக்கும் இயந்திரமும் முன்சில்லு இழுவையும் இன்றைய சிறு கார்களின் பொது இலக்கணமாகிவிட்டன. அது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் பயணிக்குக் கிடைத்த இடம் பழுதுபார்ப்பவனின் கையிலிருந்து பறிக்கப்பட்டதாகும். வடிவமைப்பில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

இதனை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. 1990ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது; பற்றறிகளும் தடுக்கப்பட்டன. அப்போது எங்கள் வீட்டில் ஐம்பதுகளில் செய்யப்பட்ட மைனர் ஒன்று நின்றது. ஊரிலிருந்த மற்றப் பழைய கார்களைப் போல அதுவும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கியது. கார்புரேற்றரில் சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்புவோம். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாவதில்லை. மிகுந்த அழுத்தத்தில் முறைப்படி எரியாமல் தானே வெடித்து இயந்திரத்தைத் தட்டும். பழைய இயந்திரங்களில் அழுத்தம் குறைவாதலால் அவை அதனைத் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். ஆதலால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

ஒருநாள் நள்ளிரவில் என் அக்காவுக்குப் பிரசவ வேதனை கண்டது. பெரியாஸ்பத்திரி பத்து மைல் தொலைவில் இருந்தது. எங்கள் பற்றறியில் தீப்பொறி எழுப்புமளவுக்கு வலு இருந்ததேயன்றி, இயந்திரத்தைச் சுழற்றும் வலு இல்லை. ஐயா ஒரு சிறு போத்தலில் இதற்கென்றே பொத்தி வைத்திருந்த பெற்றோலைக் கார்புரேற்றரில் விட்டார். நான் முன்புறத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். நான்காவது சுற்றில் வண்டி உயிர்த்தது. கரும்புகை கக்கிக்கொண்டு, மங்கிய விளக்கோடு போய்ச் சேர்ந்தோம். விடியுமுன் மருமகள் பிறந்தாள். அன்று அவ்வண்டியை விற்கப் போயிருந்தால் யாரும் பெரிய விலை தந்திருக்க மாட்டார்கள். அதன் மதிப்பு என்னவென்று எங்கள் வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

இதனால் பழையன எல்லாம் நல்லன என்று நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். மைனருக்கு நான்கு சில்லுகளிலும் பழைய ட்ரம் பிரேக்குகளே உள்ளன. மோதலின் விசையைத் தாங்கி மடியும் உடலமைப்பும் காற்றுப் பைகளும் அதற்கு இல்லை. முன்சில்லுகளைத் தாங்கும் மூட்டுக்குத் தவறாமல் கிறீஸ் ஊட்டாவிட்டால், அது தேய்ந்து சில்லு சரிந்துவிடும். கடற்காற்றில் அடித்தகடு துருவேறும். இன்று அதே மருமகளின் பிள்ளைகளை ஏ-9 வீதியில் மைனரில் ஏற்றிச் செல்ல நான் துணிய மாட்டேன். உயிர் காப்பதிலும் எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதிலும் புதிய வண்டிகள் அடைந்த முன்னேற்றம் பெரிது.

ஆனால் 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் என் நண்பரொருவரின் புதிய கார் மூன்று மாதங்கள் அசையாமல் நின்றதையும் கண்டேன். கைப்பெட்டி அளவான ஓர் இலத்திரனியல் சாதனம் செயலிழந்துவிட்டது. அதனைத் திறந்து திருத்த வழியில்லை. முழுதாக மாற்ற வேண்டும். மாற்றுப் பொருளோ நாட்டில் இல்லை. கராஜில் இருந்த தம்பி கெட்டிக்காரன். அவன் கையில் திறமை இருந்தும் நுழைய வாசல் இல்லை.

எனவே, கார் வாங்க எண்ணும் நேயர்களே, முதலில் அது உங்கள் குடும்பத்தைக் காக்குமா என்று பாருங்கள். அடுத்து, மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அடிக்கடி மாற்ற வேண்டியவற்றைக் கை எட்டுகிறதா என்று நோக்குங்கள். பின்பு உங்கள் ஊர்க் கராஜ்காரரிடம் சென்று, அவ்வண்டியை அவரால் திருத்த முடியுமா, உதிரிப்பாகம் எவ்வளவு நாளில் கிடைக்கும் என்று விசாரியுங்கள். வர்ணத்தையும் இருக்கையின் தோலையும் அதன்பின் பார்க்கலாம். பளபளப்பு இரண்டு மழைக்காலத்தில் மங்கும். திருத்த முடியாத பழுதோ வண்டி உள்ளவரை உங்களோடு வரும்.

எங்கள் மைனர் இன்றும் வீட்டில் நிற்கிறது. புதிய பற்றறி இருப்பதால் கைப்பிடிக்கு வேலை இல்லை. ஆயினும் அதை நான் வண்டியிலிருந்து எடுக்கவில்லை.